சுபம் போட்ட மறுநாள் காலை



தீர்ப்பு சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. "பண்ணையாரை எதிர்த்துக் கிராமத்து மக்கள் நடத்திய போராட்டத்தைத் திரைப்படம் நமக்குச் சொன்னதா, மறைத்ததா?" இதுதான் தலைப்பு. இந்தப் பக்கம் மூன்று பேர் "சொன்னது, சொன்னது" என்று தொண்டை வறளப் பேசினார்கள். கை தட்டினீர்கள். அந்தப் பக்கம் மூன்று பேர் "மறைத்தது, மறைத்தது" என்று மேசையைத் தட்டிப் பேசினார்கள். அதற்கும் கை தட்டினீர்கள். தட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நடுவில் மாட்டிக் கொண்டவன் நான்தானே! (சிரிப்பு)

தீர்ப்புக்கு முன்னால் ஒரு சின்ன செய்தி. சாயங்காலம் பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கினேன். நேரம் இருந்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா, எழுபது வயதுக்கு மேலே இருக்கும். வெற்றிலையை மடித்துக் கொண்டே என்னைப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, டிவில வருவியே, நீதானே? இன்னிக்கி இன்னா பேசப் போறே?" என்றார்கள். தலைப்பைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார்கள்.

"நானும் கொட்டாயில நெறயப் பாத்திருக்கேம்ப்பா. கடைசியில பண்ணையார் செத்துருவாரு. எல்லாரும் விசில் அடிப்பாங்கோ. அது சரி, அந்தப் படத்துல எதுலயாவது பட்டா வாங்குற கட்டம் வருதா?"

நான் முனைவர் பட்டம் வாங்கியவன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். டீ ஆறிப் போனதுதான் மிச்சம். என்னிடம் பதில் இல்லை. இந்த மேடையில் ஆறு பேர் பேசினார்களே, அவர்களிலும் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஆகவே இன்றைக்கு நான் சொல்லப் போகிற தீர்ப்பு, அந்தப் பாட்டியம்மா போட்ட கேள்விக்குப் பதில்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். சினிமா ஒன்றுமே சொல்லவில்லை என்று அந்த அணித் தலைவர் பேசினார் பாருங்க, அது சரியில்லை. 1939-ஆம் வருஷமே சொல்லியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலம். அப்போது நம்ம சென்னை மாகாணத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே கூரைக்குக் கீழே. கூடவல்லி இராமபிரம்மம் என்பவர் "ரைத்து பிட்டா" என்று ஒரு தெலுங்குப் படம் எடுத்தார். ரைத்து பிட்டா என்றால் உழவன் மகன். ஜமீன்தாருக்கு எதிரான படம். ஜமீன்தார்கள் கொதித்துப் போனார்கள். சில இடங்களில் படத்துக்குத் தடையே வந்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? படத்தை எடுத்த கம்பெனியை நடத்தியவரே ஒரு ஜமீன்தார், சல்லப்பள்ளி ஜமீன்தார்! ஜமீன்தாரைத் திட்டுவதற்கும் ஜமீன்தார் பணம்தான் வேண்டியிருந்தது. (சிரிப்பு)

அதற்குப் பிறகு 1953. பிமல் ராய் இந்தியில் எடுத்த "தோ பீகா ஜமீன்". பல்ராஜ் சஹானி நடித்த படம். சின்னத் துண்டு நிலம் வைத்திருக்கிற ஓர் ஏழை விவசாயி. மில் கட்டுவதற்காக அந்த நிலம் பண்ணைக்கு வேண்டும். கடனைக் கட்டு, இல்லாவிட்டால் நிலத்தைக் கொடு என்கிறார்கள். இவன் மனக்கணக்கில் கடன் 65 ரூபாய். பண்ணைக் கணக்கில் 235 ரூபாய்! இவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்கத்தாவுக்குப் போய்க் கை ரிக்ஷா இழுக்கிறான். கடைசியில் நிலம் போய்விடுகிறது. அந்தப் படத்தில் பண்ணையார் சாகவில்லை, அதைக் கவனியுங்கள். நிலம்தான் செத்தது.

தமிழில் 1956-ல் "காலம் மாறிப் போச்சு" வந்தது. ஜெமினி கணேசன், அஞ்சலிதேவி. தெலுங்கில் "ரோஜுலு மாராயி" என்று வெற்றி பெற்ற கதை. விவசாயிகள் ஒன்று சேர்ந்து ஜமீன்தாரை எதிர்க்கிறார்கள். ஒன்று சேர்ந்து என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். 1974-ல் சியாம் பெனகல் "அங்குர்" எடுத்தார். தெலங்கானா கிராமம். கடைசிக் காட்சியில் ஒரு சின்னப் பையன் பண்ணை வீட்டு ஜன்னல் மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டு ஓடுகிறான். அவ்வளவுதான் படம். ஒரே ஒரு கல்!

ஆக, சினிமா சொன்னது. சொன்னதை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரைக்கும் எந்த மேடையிலும் சொல்லாத சங்கதி.

எங்க ஊர் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். 1981-ல் ஏ.வி.எம். தயாரித்து இராம நாராயணன் இயக்கிய "சிவப்பு மல்லி" வந்தது. விஜயகாந்த், சந்திரசேகர். எங்க ஊர் டெண்டுக் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிட்டது. எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. மண்ணைக் குவித்து மேடை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஏழைகள் எழுந்து நிற்கிறபோது நான் அடித்த விசிலில் தொண்டை கட்டிப் போச்சு. "பண்ணையார் ஒழிக" என்று கத்திக் கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பொங்கலுக்குப் பானை எடுக்கப் பரணில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். பானைக்குப் பின்னால் இரண்டு மரக்கால். இரும்புப் பூண் போட்ட பழைய மரக்கால். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி. கீழே இறக்கி, "ஆயா, எதுக்கு ரெண்டு மரக்கா?" என்று கேட்டேன். ஆயா சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள்:

"ஒண்ணு அளந்து வாங்கறதுக்கு. ஒண்ணு அளந்து போடறதுக்கு."

எனக்குப் புரியவில்லை. பிள்ளைப் புத்தி. ஒன்றில் தலை தட்டி நெல்லை நிரப்பி, அதை இன்னொன்றில் கொட்டிப் பார்த்தேன். இரண்டாவது மரக்கால் நிரம்பிவிட்டது. முதல் மரக்காலில் ஒரு கை நெல் மிச்சம். கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். இரண்டாவதின் அடியில் மெழுகு வைத்து அடைத்திருந்தது.

எங்க தாத்தா ஒரு பண்ணையில் கணக்குப்பிள்ளை. களத்து மேட்டில் குத்தகை நெல்லை வாங்குகிறபோது ஒரு மரக்கால். அறுப்பு அறுத்தவனுக்குக் கூலி போடுகிறபோது இன்னொரு மரக்கால். அந்த ஒரு கை நெல் பண்ணைக்குப் போகும். அதில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வீட்டுக்கும் வரும்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் போய் நின்றேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அந்த ஒரு கை நெல்லுலதான்டா நான் வாத்தியார் டிரெயினிங் படிச்சேன்."

(அரங்கில் அமைதி)

அம்மா, ஐயா, கொட்டகையில் பண்ணையார் ஒழிக என்று கத்தியவன் நான். அந்தப் பண்ணைக்கு மரக்கால் பிடித்தவர் என் தாத்தா. அந்த நெல்லில் படித்தவர் என் அப்பா. அப்பா படித்ததால் நான் படித்தேன். என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடுகிறார்களே, அதற்கு அடியிலும் கொஞ்சம் மெழுகு இருக்கிறது. சினிமா எனக்குப் பண்ணையாரைக் காட்டியது, சவுக்கைக் காட்டியது, முறுக்கு மீசையைக் காட்டியது. என் வீட்டுப் பரணில் இருந்த மரக்காலைக் காட்டவில்லை. அநியாயம் மீசை வைத்துக் கொண்டுதான் வரும் என்று நான் நம்பிக் கொண்டிருந்தேன். அது கணக்கு நோட்டோடும் வரும்.

சரி, அது மறைத்தது என்ன? அதைத் தெரிந்து கொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மண்ணே போதும். இந்த ஊர் பேரிலேயே ஏரி இருக்கிறது. இன்றைக்குச் சுற்றிப் பார்த்தால் கல்லூரிக் கட்டடம், அடுக்கு மாடி, ஹாஸ்டல், பிரியாணிக் கடை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நிமிஷம் நின்றால் காது அடைத்துப் போகும். ஆனால் இது செங்கல்பட்டுச் சீமை. மிராசுச் சீமை. ஊர் நிலத்துக்கு உரிமைக்காரர் மிராசுதார். உழுகிறவனுக்கு நிலம் கிடையாது. நிலம் இருக்கட்டும், அவன் குடிசை போட்ட மனைகூட அவனுடையது இல்லை. கூலி அதிகம் கேட்டால், "குடிசையைப் பிரிச்சிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிடலாம். எங்கே போவான்? தரிசாகக் கிடக்கிற நிலத்தையாவது கொடுங்கள் என்று சர்க்காருக்குத் தர்காஸ்து மனு போட்டால், அதிலும் முதல் பாத்தியதை மிராசுதாருக்கே.

திருவள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார், 104-வது அதிகாரம். பத்துக் குறள். அதில் ஒன்றில்கூடப் பண்ணையார் என்ற சொல்லே கிடையாது! (கைதட்டல்)

இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு 1890-ஐ ஒட்டி ஒரு வெள்ளைக்கார கலெக்டர் இருந்தார். பெயர் திரமென்ஹீர். வாயில் நுழையாத பேர், ஆனால் மனதில் நுழைய வேண்டிய பேர். ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்து 1891-ல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். இவர்களுக்கு மனையும் இல்லை, நிலமும் இல்லை, இந்த இரண்டும் இல்லாதவரைக்கும் இவர்கள் அடிமைகளே என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892-ல் ஓர் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்கப்புறம் விற்றாலும் அதே வகுப்பு மக்களுக்குத்தான் விற்க வேண்டும். வேறு யாராவது வாங்கினால் செல்லாது.

எவ்வளவு நல்ல சட்டம்! நடந்தது என்ன? கல்யாணச் செலவுக்குக் கடன். வைத்தியச் செலவுக்குக் கடன். ஒரு கைநாட்டு. ஏக்கர் ஏக்கராகக் கை மாறிப் போனது. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு, இதே செங்கல்பட்டுச் சீமையில் காரணை என்ற ஊர் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10. செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் உயிர் போனது. இங்கிருந்து மின்சார ரயில் ஏறினால் சில ஸ்டேஷன் தூரம்தான் செங்கல்பட்டு. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி இங்கிருந்து தஞ்சாவூருக்குப் போவோம். ஏன் தஞ்சாவூர்? தமிழ் சினிமா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த நெருப்பு அங்கேதான் எரிந்தது.

காவிரி பாய்கிற பூமி. நெல் விளைகிறது, விளைவித்தவன் வயிறு காய்கிறது. வேலைக்கு நேரம் தவறினால் சவுக்கடி. அதற்கு மேலே போனால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. சாணிப்பால் என்று அதற்குப் பேர். பால் என்று பேர் வைத்தார்கள் பாருங்கள், தமிழுக்கே அவமானம்! 1940-களில் பி. சீனிவாசராவ் என்று ஒரு மனிதர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தாய்மொழி கன்னடம். குடிசை குடிசையாகப் போனார், அவர்களோடு சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். மணலி கந்தசாமி போன்றவர்களும் சேர்ந்தார்கள். விவசாய சங்கம் உருவானது. சங்கம் வந்ததும் என்ன நடந்தது? நூறு பேர் ஒன்றாகப் போய் நின்று, "இனிமேல் அடித்தால் நாளைக்கு நாற்று நடவு இல்லை" என்றார்கள். பண்ணையார்களும் உட்கார்ந்து பேச வேண்டி வந்தது. ஒப்பந்தம் எழுத வேண்டி வந்தது. சவுக்கும் சாணிப்பாலும் நின்றது அப்படித்தான். ஒரு கதாநாயகன் பறந்து வந்து உதைத்ததால் நிற்கவில்லை.

அப்புறம் சட்டங்கள் வந்தன. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1952-ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். காரணம் இல்லாமல் பண்ணையாளைத் துரத்தக் கூடாது, இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்றது சட்டம். உடனே பண்ணைகள் என்ன செய்தன? "பண்ணையாள் வைத்தால்தானே தொல்லை?" என்று அன்றாடக் கூலிக்கு மாறிவிட்டன! 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம், 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் அது 15 ஆனது. உடனே மாமன் பேர், மச்சான் பேர், அறக்கட்டளை பேர் என்று நிலம் பிரிந்தது. நாய் பேரிலும் பூனை பேரிலும் பட்டா இருக்கிறது என்று ஊரில் கேலி பேசினார்கள். (சிரிப்பு) சட்டம் ஒரு படி ஏறும், பண்ணை இரண்டு படி இறங்கி ஒளிந்து கொள்ளும். இந்த ஓட்டப் பந்தயம்தான் ஐயா நம்ம கிராமங்களின் உண்மையான சண்டைக் காட்சி. இதற்கு ஸ்டண்ட் மாஸ்டர் கிடையாது.

இந்தப் பந்தயத்தின் நடுவில்தான் அந்த ராத்திரி வந்தது. 1968 டிசம்பர் 25. ஊர் கீழ்வெண்மணி. அறுவடைக் காலம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடுங்கள் என்பது அந்த மக்கள் கேட்டவற்றில் ஒன்று. செங்கொடியை இறக்கு, சங்கத்தை விட்டு வெளியே வா என்பது எதிர்ப் பக்கம் சொன்னது. அவர்கள் கொடியை இறக்கவில்லை. அன்று இரவு தாக்க வந்தவர்களுக்குப் பயந்து பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். இராமையா என்பவரின் குடிசை. கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர். 44 உயிர்.

1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் குற்றவாளிகள் என்று சொல்லி, பத்து வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற, நிறைய நிலம் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. நான் அதற்கு மேலே பேசவில்லை. உங்கள் மனசாட்சி பேசட்டும்.

அரைப்படி நெல்! அதைப் படிக்கிற போதெல்லாம் எனக்கு எங்க வீட்டு மரக்காலும் அந்த ஒரு கை நெல்லும்தான் ஞாபகம் வருகிறது. அங்கே கேட்டது அரைப்படி. இங்கே எடுத்தது ஒரு கை. இரண்டும் ஒரே களத்து நெல்தான்.

இந்த நெருப்பைச் சினிமா எப்படி எடுத்தது? இந்திரா பார்த்தசாரதி இதை வைத்துக் "குருதிப்புனல்" நாவல் எழுதினார். 1977-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983-ல் "கண் சிவந்தால் மண் சிவக்கும்" எடுத்தார். தேசிய விருது கிடைத்தது. இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். (ஒன்றிரண்டு கைகள்) பார்த்தீர்களா? விருது கிடைத்தது, கூட்டம் கிடைக்கவில்லை.

பத்து வருஷம் கழித்துக் கூட்டம் எதற்குக் கிடைத்தது? 1992-ல் "சின்னக் கவுண்டர்". 1993-ல் "எஜமான்". 1994-ல் "நாட்டாமை". மூன்றும் வெள்ளி விழாப் படங்கள்போல ஊர் ஊராகப் பேசப்பட்ட படங்கள். நானும் ரசித்துப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எதிரியாக இருந்த நிலக்காரர் இப்போது தெய்வம். அவர் துண்டை உதறினால் நியாயம், அவர் சொன்னால் தீர்ப்பு. ஊர் மக்கள் என்ன செய்கிறார்கள்? வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். 1981-ல் சிவப்பு மல்லியில் ஏழைகள் பக்கம் நின்ற அதே விஜயகாந்த், 1992-ல் சின்னக் கவுண்டர்! நாட்டாமையாக வந்த சரத்குமார், 1997-ல் "அரவிந்தன்" என்ற படத்தில் கீழ்வெண்மணியை நினைவூட்டும் கதையில் நடித்தார்! நடிகர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் வேஷம் மாற்றுகிறவர்கள். நாம் பார்வையாளர்கள் எப்படி இவ்வளவு சுலபமாகக் கட்சி மாறினோம்? பண்ணையார் செத்தாலும் விசில், பண்ணையாரே தெய்வம் என்றாலும் விசில். இரண்டு மரக்காலும் நம் கையில்தான் இருந்தன!

(பலத்த கைதட்டல்)

பிறகு 2005-ல் பாரதி கிருஷ்ணகுமார் "இராமையாவின் குடிசை" என்ற ஆவணப்படம் எடுத்தார். கதாநாயகன் இல்லை, பாட்டு இல்லை. அந்த ஊர் மனிதர்களே பேசினார்கள். 2019-ல் "அசுரன்". பூமணியின் "வெக்கை" நாவலைத் தழுவி வெற்றிமாறன் எடுத்தது. தனுஷ் நடித்தார். பஞ்சமி நிலம் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு போய்ச் சேர்த்தது அந்தப் படம். படம் பார்த்துவிட்டு என் மாணவன் ஒருவன், "சார், பஞ்சமி நிலம்னா என்ன சார்?" என்று கேட்டான். செங்கல்பட்டில் பிறந்த பையன்! அவன் ஊரில் ஆரம்பித்த சரித்திரத்தை அவன் கோவில்பட்டிப் பக்கத்துக் கதையில்தான் தெரிந்து கொண்டான். பரவாயில்லை, தெரிந்து கொண்டானே. அதற்காக அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு.

இப்போது பாட்டியம்மாவின் கேள்வி. பட்டா வாங்குகிற கட்டம் வருதா?

படத்தில் வருவது அபூர்வம். வாழ்க்கையில் வந்தது ஐயா! வெண்மணிக்குப் பிறகு 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல், குடிசை போட்டுக் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று ஒரு சட்டம் வந்தது. 1891-ல் திரமென்ஹீர் எழுதிய அந்த மனைப் பிரச்சினைக்கு எண்பது வருஷம் கழித்து ஒரு பதில்! "குடிசையைப் பிரிச்சிக்கிட்டுப் போ" என்ற வார்த்தைக்குப் பல் பிடுங்கிய சட்டம் அது. ஒரு சினிமாவிலாவது அதற்கு ஒரு காட்சி உண்டா?

இன்னொன்று. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் என்று ஒரு தம்பதி. காந்தி வழியில் வந்தவர்கள். வெண்மணி எரிந்ததும் அந்தப் பக்கம் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். உழுபவருக்கு நிலம் வேண்டும் என்று 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1981! நான் சிவப்பு மல்லி பார்த்து விசில் அடித்தேனே, அந்தப் படம் வந்த அதே வருஷம். நிலக்காரர்களோடு பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கிக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் யார் பேரில் தெரியுமா? பெண்கள் பேரில்! ஆம்பளை பேரில் கொடுத்தால் ஒரு கைநாட்டில் போய்விடும். பொம்பளை பேரில் இருந்தால் பிள்ளைக்குச் சோறாக இருக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கர் இப்படிக் கை மாறியது. இந்த முறை சரியான கைக்கு மாறியது. (தாய்மார்கள் பக்கம் கைதட்டல்)

ஆகவே என் தீர்ப்பு இதுதான். திரைப்படம் கிராமத்து மக்களின் கோபத்தைச் சொன்னது. அவர்கள் நடந்த வழியை மறைத்தது. கோபத்துக்கு ஓர் அரிவாள் போதும், இரண்டரை மணி நேரம் போதும். வழிக்கு மனு வேண்டும், சங்கம் வேண்டும், தாலுகா ஆபீஸ் திண்ணையில் காத்துக் கிடக்கிற பொறுமை வேண்டும். எண்பது வருஷம்கூட ஆகும். பண்ணையார் விழுந்ததும் திரையில் சுபம் என்று போடுகிறார்கள். சுபம் போட்ட மறுநாள் காலையில் அந்த ஊர் ஜனங்கள் எழுந்து எங்கே போனார்கள்? அதைச் சினிமா காட்டவில்லை. சரித்திரம் அந்த மறுநாள் காலையில்தான் இருக்கிறது. கதாநாயகனை அளக்கும்போது பெரிய மரக்கால், ஊர் மக்களை அளக்கும்போது அடியில் மெழுகு வைத்த மரக்கால். மறைத்தது என்ற அணிக்கே என் தீர்ப்பு. சொன்னது என்று பேசிய அணிக்கு என் நன்றி. ஏனென்றால் அந்தக் கோபமாவது சொல்லப்படாமல் போயிருந்தால், நான் பரணில் கிடந்த மரக்காலைக் கையில் எடுத்தும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

பேச்சை முடிக்கிறேன். டீக்கடையில் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்றேனே, எழுந்து வரும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன்: "உங்க வீட்டு மனைக்குப் பட்டா இருக்காம்மா?"

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்கள்: "இருக்குது வாத்தியாரே. எம் மாமியா பேர்ல வாங்கினது. பொட்டியில வெச்சிருக்கேன். விலைக்குக் கேட்டு ஆளு வந்துகிட்டேதான் இருக்கான். நான் இன்னும் கை நாட்டு வெக்கல."

அந்த அம்மா முன்வரிசையில்தான் எங்கேயோ உட்கார்ந்திருப்பார்கள். அம்மா, வைக்காதீங்க. எங்க வீட்டு மரக்கால் இரண்டும் இன்றைக்கும் என் அலமாரியில் இருக்கின்றன. மெழுகை நான் சுரண்டி எடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிற மாணவர்களிடம் இரண்டையும் கொடுத்து, நெல்லைப் போட்டு அளந்து பாருங்கள் என்பேன். மிச்சம் விழுகிற அந்த ஒரு கையை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.